பார்த்திராத கவிதை

உயர்நிலை நான்கில்
கெல்வினை மூன்று முறை கொன்றேன்.
முதல் முறை ஜூரோங்கில், லாரி.
இரண்டாம் முறை நீச்சல் குளம்.
மூன்றாம் முறை நோயின் பெயருக்கு
எழுத்துக்கூட்டத் தெரியாமல்
'அரிய நோய்' என்று விட்டுவிட்டேன்.
முப்பதுக்கு இருபத்திரண்டு,
இருபத்திரண்டு,
இருபத்து மூன்று.
கெல்வின் என்றொரு நண்பன் எனக்கு இருந்ததே இல்லை.
கட்டுரை என்றால் யாராவது சாக வேண்டும்,
கடைசி வரியில் மழை பெய்ய வேண்டும்.
டியூஷனில் கொடுத்த கணக்கு அது.

இப்போது தொடக்கக் கல்லூரி.
வேறு கணக்கு, ஆனாலும் கணக்குதான்.
மேற்கோள், விளக்கம், விளைவு.
மேற்கோள், விளக்கம், விளைவு.
சாங்கி விமான நிலையம், இரவு பதினொன்று.
தரைவிரிப்பில் சப்பணமிட்டு
நதீரா எண்பத்து நான்கு மேற்கோள்களை
ஒப்பிக்கிறாள், லேசாக ஆடிக்கொண்டே.
ஹுய் ஷான் முக்கியமானதற்கெல்லாம் கோடிட்டு
பக்கத்தையே மஞ்சளாக்கிவிட்டாள்.
பெர்த் போகிறவர்களைக் கடைசியாக அழைக்கிறார்கள்.
நாங்கள் எங்கும் போகவில்லை.

மிஸ் ஒலிவெய்ரோ என் தாளின் ஓரத்தில்
எழுதுவது ஒரே சொல்தான், அதுவும் பென்சிலில்:
'அதனால்?'
கவிஞர் உருவகத்தைக் கையாளுகிறார். அதனால்?
ஓசை நயம் மிகுந்திருக்கிறது. அதனால்?
பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கேள்வி
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வரும்.

நவம்பர். மண்டபம்.
பெயர் எழுத இடமில்லை, எண் மட்டும்.
குளிரூட்டி காதுக்குள் ஊதுகிறது.
தாளைத் திருப்பினால்
நான் பார்த்திராத கவிதை,
அதில் நான் பார்த்திராத பனி.
ஓர் அப்பா வாசலில் நிற்கிறார்,
கோட்டின் தோளில் பனி.
பதினான்கு வரி. அவ்வளவுதான்.

நான் பார்த்த பனியெல்லாம்
எங்கள் ஃப்ரிட்ஜில் வளர்வது.
மாதம் ஒருமுறை அம்மா தோசைக் கரண்டியால்
கொத்திக் கொத்தி எடுப்பாள்.
மீன் பொட்டலம் மட்டும் வர மறுக்கும்.
இதை எழுதினால் மதிப்பெண் உண்டா?
எழுதவில்லை.
பனி தூய்மையின் குறியீடு என்று
ஒன்றேகால் பக்கம் எழுதினேன்.

அதனால்?

முன்வரிசையில் ஒருவன் கூடுதல் தாள் கேட்டான்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
மறுபடி படித்தேன்.
மூன்றாம் வரியில் பனி இருக்கிறது.
பதினோராம் வரியிலும் இருக்கிறது, அப்படியே.
உள்ளே வந்திருந்தால்
உருகியிருக்குமே.

துவாஸில் இரவு வேலை முடித்து
அப்பா காலை ஆறேகாலுக்கு வருவார்.
கேட்டுக்கு வெளியே, தாழ்வாரத்தில்,
ஒரு காலணியைக் கழற்றியவர்
மறு காலணியோடு அப்படியே நிற்பார்
ஐந்து நிமிடம், சில நாள் பத்து.
"உள்ள வாங்கப்பா" என்பேன்.
"இதோ" என்பார்.

ஒன்றேகால் பக்கத்தையும் குறுக்கே அடித்தேன்.
நாற்பது நிமிடம் இருந்தது.
அவர் உள்ளே வரவே இல்லை என்று தொடங்கினேன்.
வினைச்சொற்களை எண்ணிக் காட்டினேன்.
நிற்கிறார், நிற்கிறார், நிற்கிறார்.
கதவைத் திறந்து வைத்திருப்பது யார் என்று கேட்டேன்.
அப்பாவைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.
எழுதியது முழுக்க ஆங்கிலம்.
'இதோ' மட்டும் ஆங்கிலமாக மறுத்து
எல்லா வரிக்கும் அடியில் நின்றது
ஒற்றைக் காலணியோடு.

கடைசி வாக்கியம் முடியவில்லை.
பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார்கள்.

"எண்பத்து நாலுல ஆறுதான் உதவிச்சு"
என்றாள் நதீரா.
பனி என்றால் தூய்மைதானே, என்றாள் ஹுய் ஷான்.
தலையாட்டினேன்.
ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியாது.

மழை இல்லை. நல்ல வெயில்.
பச்சை மனிதன் ஒளிர்ந்ததும்
சீருடையில் ஒரு பையன் சாலையைக் கடந்தான்,
கையில் பொட்டலப் பானம்.
லாரி நின்றது.
கெல்வினாக இருக்கலாம்.
அவசரமே இல்லாமல்
உறிஞ்சிக்கொண்டே போனான்.